பன்னிரண்டில் ஒரு பங்கு

நைட்ரஜன் ஒரு சோம்பேறி.
மூச்சில் ஐந்தில் நான்கு பங்காக உள்ளே வந்து
எதையும் தொடாமல் திரும்பிப் போகும்,
மொய் எழுதாமல் பந்தியில் உட்கார்ந்தவரைப் போல.
இரண்டு அணு. நடுவில் மூன்று முடிச்சு.
அடுப்புத் தீக்கெல்லாம் அவிழாது.

ஆயிரத்தெண்ணூறு கெல்வின் தாண்டினால் அவிழும்.
துணையில்லாத ஆக்சிஜன் அணு ஒன்று
முட்டி, ஒன்றைப் பறித்துக்கொள்ளும்.
விடுபட்ட மற்றது
இன்னொரு ஆக்சிஜன் ஜோடியைப் போய்ப் பிரிக்கும்.
அதில் தனித்துப்போனது
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும்.
சில வரிச் சமன்பாடுதான்.
இதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

ஓசூர்த் தொழிற்பேட்டை. டிசம்பர்.
கீழே கொட்டகையில் டர்பைன்,
மேல்மாடியில் நான்,
கண்ணாடிக்கு வெளியே எதிர்க் கம்பெனி தெரியாத பனி.

எரிமுனைகள் பன்னிரண்டு, வட்டமாக.
அத்தனையையும் கணக்கிட்டால் மூன்று வாரம் ஓடும்.
தர்ப்பூசணிக் கீற்றுபோல் ஒன்றை மட்டும் வெட்டினேன்.
இந்தப் பக்கம் வெளியேறும் காற்று
அந்தப் பக்கம் உள்ளே வரும் என்று
கணினியிடம் சொல்லிவிட்டால் போதும்,
வட்டம் முழுதாகிவிடும்.
எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

நான் கட்டியதற்கும் மாதிரி என்று பெயர்.
புகைபோக்கியில் குழாய் விட்டு
திம்மராயன் உறிஞ்சி எடுப்பதற்கும் மாதிரி என்றே பெயர்.
என் மாதிரி சொன்னது: பத்து லட்சத்தில் ஒன்பது.
அவர் மாதிரி சொன்னது: பதினான்கு.

"பதினைந்து சதம் ஆக்சிஜனுக்குத் திருத்தினீங்களா?"
"திருத்தினதுதாங்க மேடம் பதினாலு."
நல்ல காற்றைக் கலந்து எண்ணைக் குறைத்துவிடலாம்,
அதற்காக இந்தத் திருத்தம்.
பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் இருக்கிறதே, அதுபோல.

ஐந்து எங்கே போனது,
அல்லது எங்கிருந்து வந்தது?
வலையின் கண்களைச் சிறிதாக்கினேன்.
ஐம்பது வினைகளை முந்நூறாக்கினேன்.
ஒன்பது.
ஒன்பதே கால்.
ஒன்பது.
ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி லாரிகள்
ஒரு எண்ணும் இல்லாமல் புகைத்துக்கொண்டு போயின.

நான்காம் நாள் கீழே இறங்கினேன்.
திம்மராயன் களி உருண்டையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.
"ஏழாம் நம்பருங்க. ஒரு துளை பெருத்திருக்கு.
பின் கேஜ் லொடலொடன்னு இறங்குது.
செப்டம்பர்லயே ரெஜிஸ்டர்ல எழுதிட்டேன்."

எழுதியிருந்தார், பச்சை மையில்:
7 - லூஸ்.
பக்கத்தில், பார்த்ததற்கு அடையாளமாக,
ஒரு கையெழுத்து.
என்னுடையது.

ஏழில் எரிவாயு கொஞ்சம் கூடுதல்.
கூடுதலுக்கு எண்பது டிகிரி.
சராசரியில் போட்டால் ஏழு டிகிரிகூடத் தேறாது.
முடிச்சுக்குச் சராசரி தெரியாது.
எண்பதுக்கு ஐந்து மடங்கு வேகமாக அவிழும்,
மற்ற பதினொன்றும்
தத்தம் ஒன்பதில் ஒழுங்காக இருக்கும்போதே.

பன்னிரண்டையும் ஓட்டினேன், மூன்று வாரம்.
விடை பன்னிரண்டு.

மீதி இரண்டு: காரணம் தெரியவில்லை
என்று அறிக்கையில் எழுதினேன்.
அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும்
என்று மாற்றச் சொன்னார் மேலாளர் ஜோதிராவ்.
மாற்றினேன்.
அன்று மாலை, அடிக்குறிப்பாக,
பொடி எழுத்தில் திரும்ப வைத்தேன்.

பொங்கல் கழிந்து புது ரெஜிஸ்டர் வந்திருக்கிறது.
கையெழுத்துக்காக மேலே அனுப்பியிருக்கிறார்கள்.
முதல் பக்கம், மூன்றாம் வரி:
4 - சந்தேகம்.
என்ன சந்தேகம் என்று எழுதவில்லை.
குளிரில் பேனா நின்றிருக்கிறது,
அழுத்திய தடம் மட்டும் காகிதத்தில்.
விளக்கொளிக்குச் சாய்த்துப் பார்க்கிறேன்.
படிக்க முடியவில்லை.
படிக்கட்டில் செருப்புச் சத்தம், என்னுடையது.